பாதியில் விட்டுச் செல்லலாமா?

"ஊர் கூடித் தேர் இழுப்பது" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். தேர் அசைய வேண்டுமானால் வடம் பிடித்தவர்கள் அனைவரும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். நடுவீதியில் ஒருவர் வடத்தைக் கீழே போட்டுவிட்டு நிழலைத் தேடிப் போய்விட்டால், மற்றவர் தோள்களில் பாரம் கூடும். இன்னொருவர் வடத்தைப் பிடித்தபடியே, யாரும் பாராத வேளையில் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டையைச் செருகிவிட்டால்? தேர் நின்றே போகும்! முன்னவர் செய்தது கைவிடுதல். பின்னவர் செய்தது கெடுத்தல்.

இவ்விரண்டும் இன்று கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் அணி அணியாக ஆடப்படும் இணையவழிப் போர் விளையாட்டுகளில் பெருந்தொல்லையாக இருக்கின்றன. இவற்றைத் தடுக்க அவ்விளையாட்டுகளை உருவாக்கியவர்கள் என்னென்ன வழிகளைக் கையாண்டார்கள், எது எவ்வளவு பலித்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

"பொதுத்தேர்வு எழுதப் போகும் பெண்களுக்கு இந்த விளையாட்டு ஆராய்ச்சி எதற்கு?" என்று பெரியோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்த விளையாட்டால் எங்கள் வகுப்பில் நாங்கள் ஒரு தோழியை இழக்கவிருந்தோம். அந்தக் கதையைப் பின்னர் சொல்கிறோம். முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம்.

ஐவர் களம்

2009-ஆம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த ரயட் கேம்ஸ் என்னும் நிறுவனம் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அணிக்கு ஐவர், ஆக மொத்தம் பதின்மர். ஒவ்வொருவரும் ஒரு வீரனையோ வீராங்கனையையோ தேர்ந்தெடுத்து இயக்குவர். களத்தின் இரு மூலைகளில் இரு கோட்டைகள். அவற்றை இணைக்கும் பாதைகள் மூன்று. பாதைகளுக்கு இடையே காடு. எதிரியின் காவற்கோபுரங்களை ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டே சென்று, கோட்டையின் நடுவிலுள்ள கட்டடத்தைத் தகர்ப்பவரே வெற்றி பெற்றவர். ஓர் ஆட்டம் முடிய ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். 2013-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட 'டோட்டா 2'-உம் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தனியாக ஆட வரும் ஒருவருக்குத் தம் அணியின் மற்ற நால்வரும் முன்பின் அறியாதவர்களே. ஒவ்வொருவரின் திறமையையும் கணிப்பொறியே கணக்கிட்டு ஐவரை ஒன்று சேர்க்கிறது. அவர்களுக்குள் முகமும் தெரியாது, ஊரும் தெரியாது. தெருவில் கோ-கோ ஆடும்போது பாதியில் வீட்டுக்கு ஓடினால் மறுநாள் யாரும் நம்மைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அந்த அச்சமே நம்மைப் பலமுறை நிறுத்தி வைக்கும். முகம் தெரியாத களத்திலோ, இன்று விட்டுச் சென்றவர் நாளை வேறு நால்வருடன் ஆடப் போகிறார். கேட்பார் யார்?

கைவிடுதலும் கெடுத்தலும்

ஐவரில் ஒருவர் போய்விட்டால் அணியின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதானே குறையும் என்று நாம் நினைக்கலாம். அது தவறு. அவர் காத்து நின்ற பாதை திறந்து கிடக்கும். எதிரிகள் அதன் வழியே எளிதில் நுழைந்து பொன்னும் அனுபவப் புள்ளிகளும் சேர்த்துக்கொள்வர். அந்தப் பொன்னால் நல்ல ஆயுதங்கள் வாங்குவர். பலம் கூடியவர் மேலும் வெல்வர்; வென்றவருக்கு மேலும் பலம் கூடும். இவ்வாறு முதலில் சிறிதாக இருந்த இடைவெளி நிமிடத்துக்கு நிமிடம் அகன்றுகொண்டே போகும். எஞ்சிய நால்வர் எவ்வளவு முயன்றாலும் பெரும்பாலும் தோல்விதான். ஒருவருடைய கோபத்துக்கு மற்றவர்களின் அரைமணி நேரம் பலியாகிறது.

கெடுத்தல் இதைவிடக் கொடியது. எதிரி நம்மை வீழ்த்தும் ஒவ்வொரு முறையும் அவருக்குப் பொன் கிடைக்கும் என்பது ஆட்டத்தின் விதி. இதைத் தெரிந்துகொண்டே ஒருவர் மீண்டும் மீண்டும் எதிரியின் வாளுக்கு எதிரே போய் நின்று மடிவார். இதற்கு 'ஃபீடிங்', அதாவது ஊட்டுதல் என்று பெயர். இன்னும் சிலர் ஆட்டத்தில் இருப்பதுபோல் காட்டிக்கொண்டு ஒரு மூலையில் அசையாமல் நிற்பர். 'கவுண்டர் ஸ்டிரைக்' போன்ற துப்பாக்கி ஆட்டங்களில் நம் குண்டு நம்மவரையும் காயப்படுத்தும். அங்கே தம் அணியினரையே சுடுவோரும் உண்டு. போனவரின் இடம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். கெடுப்பவரோ எதிரிக்கு ஆறாவது ஆளாகவே ஆகிவிடுகிறார்.

ஆனால் தோழியரே, இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆட்டத்திற்குப் புதியவரும் பலமுறை மடியத்தான் செய்வார். இணையத் தொடர்பு அறுந்து போனவரும் அசையாமல்தான் நிற்பார். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இவர்கள் எல்லாரும் ஒன்றுபோலவே தோன்றுவர். வேண்டுமென்று செய்தவர் யார், இயலாமல் நின்றவர் யார் என்று எப்படிப் பிரித்தறிவது? இந்தக் கேள்வியை எண்ணிப் பாராமல் நாங்கள் செய்த தவற்றைத்தான் இப்போது சொல்லப் போகிறோம்.

எங்களுக்குள் நடந்தது

சென்ற கோடை விடுமுறையில் எங்களுள் நால்வர், மாலை ஐந்து மணிக்குத் தத்தம் வீட்டில் அமர்ந்து, நால்வர் அணியாக ஆடும் ஒரு கைப்பேசி விளையாட்டை ஆடி வந்தோம். எல்லாம் எங்கள் தாய்மாரின் கைப்பேசிகள்தாம். ஒருநாள், வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது எங்களுள் ஒருத்தி திடீரென்று அசையாமல் நின்றாள். எதிரிகள் அவளை வீழ்த்தினர், நாங்கள் தோற்றோம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே.

அதற்கு முந்தைய வாரம் அவளுடைய குறி தவறியதை நாங்கள் கேலி செய்திருந்தோம். அதற்குப் பழி வாங்கவே இப்படிச் செய்கிறாள் என்று மற்ற மூவரும் முடிவு கட்டிவிட்டோம். "வேண்டுமென்றே கவிழ்த்துவிட்டாய். இனி உன்னோடு ஆட மாட்டோம்" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினோம். அவள் பதில் எழுதவில்லை, குழுவிலிருந்து விலகிவிட்டாள். பள்ளி திறந்ததும் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மதிய உணவையும் தனியே உண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, கீழ்வகுப்பில் படிக்கும் அவளுடைய தங்கை பேச்சுவாக்கில் உண்மையைச் சொன்னாள். அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. தாயார் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். துணி கொடுத்தவர்கள் வேலை முடிந்து திரும்பும் மாலை வேளையில்தான், "பிளவுஸ் தயாரா அக்கா?" என்று அழைப்பார்கள். அழைப்பு வந்ததும் கைப்பேசி தாயார் கைக்குப் போய்விடும். இதை எங்களிடம் சொல்ல அவளுக்குக் கூச்சம்.

நாங்கள் மூவரும் வாயடைத்துப் போனோம். "ஏன் நின்றாய்?" என்று ஒரு முறையாவது கேட்டோமா? இல்லை. ஆட்டத்தை விட்டுப் போனவள் அவள் என்று நினைத்தோம். உண்மையில் தோழியைக் கைவிட்டவர்கள் நாங்களே.

அதன் பிறகுதான், பெரிய விளையாட்டுகளில் இந்தத் தொல்லையை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தேடிப் படித்தோம்.

குற்றவாளிகள் யார்?

ரயட் நிறுவனத்தில் வீரர்களின் நடத்தையை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. மூளை அறிவியல் பயின்ற ஜெஃப்ரி லின் என்பவர் அதில் முக்கியப் பங்கு வகித்தார். எப்போதும் முரடாகவே நடந்துகொள்ளும் சிலரைப் பிடித்து வெளியேற்றிவிட்டால் களம் தூய்மையாகிவிடும் என்றுதான் யாரும் எண்ணுவர். ஆனால் கணக்கெடுத்துப் பார்த்தபோது விடை வேறாக இருந்தது. இந்த ஆராய்ச்சி பற்றி 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழ் 2016-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஓயாமல் தவறு செய்வோரால் விளைந்த தீமை சுமார் 13 விழுக்காடு மட்டுமே. மீதி 87 விழுக்காடும், மற்ற நாட்களில் ஒழுங்காக ஆடுகின்ற சாதாரண மனிதர்கள் எப்போதோ ஒருமுறை நிதானம் இழந்ததால் விளைந்தது!

இதைப் படித்தபோது நாங்கள் திகைத்துப் போனோம். கெடுப்பவர் என்று தனியாக ஓர் இனம் இல்லை. பரீட்சையில் மதிப்பெண் குறைந்த அன்று, வீட்டில் ஏச்சு வாங்கிய அன்று, அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்ற அன்று, நாமே அந்த 87-இல் சேர்ந்துவிடக் கூடும். ஒருவரின் கோபம் மற்றவருக்குத் தொற்றும். ஏச்சு வாங்கியவர் அடுத்த ஆட்டத்தில் வேறொருவரை ஏசுவார். ஆகவே கெட்டவர்களைக் களையெடுப்பது மட்டும் போதாது. நல்லவர்கள் தடுமாறும் வேளையில் அவர்களைத் தாங்கிப் பிடிக்கவும் வழி வேண்டும்.

தண்டனை ஏணி

அதற்காகத் தண்டனையே வேண்டாம் என்பதில்லை. 2012-இல் வெளிவந்த 'கவுண்டர் ஸ்டிரைக்: குளோபல் அஃபென்சிவ்' ஆட்டத்தில், தரவரிசைப் போட்டியைப் பாதியில் விட்டுச் சென்றவர் முதல் முறை 30 நிமிடம் ஆட முடியாது என்ற விதி இருந்தது. மீண்டும் செய்தால் 2 மணி நேரம்; அதற்கும் மேல் 24 மணி நேரம்; பிறகு 7 நாட்கள். இப்படிப் படிப்படியாக ஏறும் ஏணி அது. ஆனால் இறங்கவும் வழி வைத்திருந்தார்கள். ஒரு வாரம் ஒழுங்காக இருந்தால் ஒரு படி இறங்கலாம். முதல் தவற்றுக்கே கடுந்தண்டனை இல்லை. பழைய தவறு என்றென்றும் தலையில் தொங்குவதும் இல்லை.

டோட்டா 2-இல் வேறு முறை. அடிக்கடி விட்டுச் செல்வோரும், பலரால் புகார் செய்யப்பட்டோரும் தனி வரிசைக்கு அனுப்பப்படுவர். அங்கே தம்மைப் போன்றவர்களுடனே ஆடிக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வெற்றி பெற்றால்தான் பொது வரிசைக்குத் திரும்பலாம். வெறுமனே உட்கார்ந்து எண்ணிக்கையைக் கழித்துவிட முடியாது, வெல்ல வேண்டும். வெல்ல வேண்டுமானால் ஒத்துழைத்தாக வேண்டும். தாம் பிறருக்குச் செய்தது எப்படிப்பட்டது என்பதை அவர்களே அனுபவித்து அறிய இது நல்ல பாடம்.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் 2011 முதல் 2014 வரை ஆட்டக்காரர்களே நீதிபதிகளாக அமரும் ஒரு மன்றம் இருந்தது. புகார் பெற்றவர் ஆட்டத்தின்போது எழுதிய வார்த்தைகளையும் அவர் ஆடிய கணக்கையும் படித்துப் பார்த்து, தண்டிக்கலாமா மன்னிக்கலாமா என்று பிற ஆட்டக்காரர்கள் வாக்களித்தனர். நல்ல எண்ணம்தான். ஆனால் தீர்ப்புக் கிடைக்கப் பல நாட்கள் ஆகலாம். அதற்குள் செய்த தவறே செய்தவருக்கு மறந்து போயிருக்கும்! பின்னர் கணிப்பொறியே விரைவில் புகாரை ஆராய்ந்து, இன்ன தவற்றுக்கு இன்ன தண்டனை என்று சான்றுடன் காட்டும் முறை வந்தது. காரணம் சொல்லாமல் தண்டிக்கப்பட்டவர்களைவிட, காரணமும் சான்றும் காட்டப்பட்டவர்களே அதிகமாகத் திருந்தினர் என்று அக்குழு கண்டது. கட்டுரை நோட்டில் மதிப்பெண்ணை மட்டும் எழுதித் தருவதற்கும், பிழையை அடிக்கோடிட்டுக் காட்டித் தருவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

எனினும் தண்டனைக்கு ஓர் எல்லை உண்டு. விட்டுச் செல்பவரை அது இருக்கையில் உட்கார வைக்கும். அவருடைய மனத்தை உட்கார வைக்காது. "போனால்தானே தண்டனை? போகாமல் இருந்தே கெடுக்கிறேன்" என்று சிலர் தொடங்கிவிடுவர். விட்டுச் செல்வதைச் சரியாக எண்ணிவிடலாம். கெடுப்பதை எண்ணுவது கடினம். ஆகவே விட்டுச் செல்வோருக்கு மட்டும் தண்டனையைக் கூட்டிக்கொண்டே போனால், கைவிடுதல் குறைந்து கெடுத்தல் பெருகவும் கூடும்.

போனவரா, போக நேர்ந்தவரா?

மின்சாரம் நின்று போகும், இணையம் அறுந்து போகும், குழந்தை அழும், தாயார் கைப்பேசியைக் கேட்பார். ஒருவரின் மனத்தில் உள்ளதைக் கணிப்பொறி படிக்க முடியாது. ஆனால் காலத்தை அளக்க முடியும். அதனால் பெரும்பாலான ஆட்டங்களில் தொடர்பு அறுந்தவர் மீண்டும் உள்ளே வர அவகாசம் தருகிறார்கள். டோட்டா 2-இல் அந்த அவகாசம் ஐந்து நிமிடம். அதற்குள் திரும்பிவிட்டால் அவர் கைவிட்டவராகக் கருதப்பட மாட்டார். அந்த ஆட்டத்தில் யார் வேண்டுமானாலும் ஆட்டத்தைச் சற்று நிறுத்தி வைக்கவும் முடியும். முகம் தெரியாத எதிரணியினர் "காத்திருக்கிறோம்" என்று பொறுத்திருப்பதும் நடக்கிறது.

ஐந்து நிமிடமும் கடந்து ஒருவர் வரவில்லையென்றால், மற்றவர்கள் தண்டனையின்றி வெளியேறலாம் என்று ஆட்டமே அறிவிக்கும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் தொடக்கத்திலேயே ஒருவர் வராமற்போனால், அவருடைய அணியினர் வாக்களித்து அந்த ஆட்டத்தைக் கலைத்துவிடலாம். வந்தவர்களின் கணக்கில் தோல்வி ஏறாது. ஒருவர் செய்த தவற்றுக்கு அவருடன் இருந்தவர்கள் தண்டம் கட்டக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

கௌரவமாக வெளியேறும் வாசல்

தோல்வி உறுதியான பின்னும் அரைமணி நேரம் அடி வாங்கிக்கொண்டே இரு என்றால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். பூட்டிய அறைக்குள் அடைபட்டவர் சன்னலை உடைக்கப் பார்ப்பார். ஆகவே சன்னலை உடைக்க வேண்டாம் என்று சொல்வதோடு, ஒரு கதவையும் வைக்க வேண்டும்.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் பல ஆண்டுகளாக இருந்து வரும் சரணடையும் வாக்கெடுப்பு அத்தகைய ஒரு கதவு. 20 நிமிடம் கழிந்தபின் ஐவரில் நால்வர் இசைந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டு எல்லாரும் ஒன்றாக வெளியேறலாம். ஒருவர் தம் விருப்பப்படி ஓடினால் அது கைவிடுதல். எல்லாரும் கலந்து பேசி முடித்துக்கொண்டால் அது முடிவு. இரண்டிலும் ஆட்டம் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் ஒன்றில் நால்வர் ஏமாற்றப்படுகிறார்கள், மற்றதில் யாரும் ஏமாறவில்லை.

தோல்வியில் இலாபம் இருந்தால்?

சில வேளைகளில் விதியே மனிதரைத் தோற்கத் தூண்டிவிடுகிறது. இதற்குக் கணிப்பொறிக்கு வெளியே ஒரு பெரிய சான்று உண்டு. 2012-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் பூப்பந்துப் போட்டி முதலில் பிரிவுவாரியாக நடத்தப்பட்டது. அடுத்த சுற்றுக்கு ஏற்கனவே தகுதி பெற்றுவிட்ட சில இணைகள், கடைசிப் பிரிவு ஆட்டத்தில் தோற்றால் பின்னர் பலம் குறைந்த எதிரி கிடைப்பார் என்று கணக்குப் போட்டன. விளைவு என்ன? உலகின் தலைசிறந்த வீராங்கனைகள் பந்தை வேண்டுமென்றே வலையில் அடித்தனர்! சீன இணைக்கும் தென் கொரிய இணைக்கும் நடந்த ஆட்டத்தின் முதல் பகுதியில், பந்து அதிகமாகச் சென்று வந்ததே நான்கு அடிகள்தாம். பார்வையாளர்கள் கூச்சலிட்டுக் கண்டித்தனர். மறுநாள், ஆகஸ்ட் 1-ஆம் தேதி, சீன இணை ஒன்று, தென் கொரிய இணைகள் இரண்டு, இந்தோனேசிய இணை ஒன்று என எட்டு வீராங்கனைகள் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டனர். வெல்வதற்குத் தம்மால் இயன்ற முயற்சியைச் செய்யவில்லை என்பதே குற்றச்சாட்டு.

உலகப் பூப்பந்துக் கூட்டமைப்பு தண்டனையோடு நின்றுவிடவில்லை. விதியையும் திருத்தியது. பிரிவில் இரண்டாம் இடம் பெறும் இணைகள் அடுத்து யாரோடு மோதுவர் என்பதைப் பிரிவு ஆட்டங்கள் முடிந்த பிறகே குலுக்கல் முறையில் முடிவு செய்வது என்று மாற்றினார்கள். எந்த எதிரி கிடைப்பார் என்று முன்கூட்டியே தெரியாதபோது தோற்றுப் பயன் என்ன?

இணைய ஆட்டங்களிலும் இதே கதைதான். சதுரங்கத்தில் ஆட்டக்காரரின் திறமையை எண்ணால் குறிக்க அர்பாட் ஈலோ என்னும் பேராசிரியர் ஒரு முறையை வகுத்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அதை 1970-இல் ஏற்றது. இணைய ஆட்டங்களும் அதைப் போன்ற கணக்குகளைக் கொண்டே சமமானவர்களைச் சேர்க்கின்றன. சிலர் வேண்டுமென்றே தோற்றுத் தம் எண்ணைக் குறைத்துக்கொண்டு புதியவர்களோடு மோதி எளிதில் வெல்வர். அல்லது வேறு பெயரில் புதுக் கணக்குத் தொடங்குவர். இதைத் தடுக்க டோட்டா 2-இன் தரவரிசைப் போட்டிகளில் ஆடுவோர் ஒவ்வொருவரும் தமக்கே உரிய தொலைபேசி எண்ணைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2017-இல் விதி வந்தது. முகமூடியை மாற்றிக்கொண்டே இருப்பது அதனால் சற்றுக் கடினமாயிற்று.

சிவப்பு எழுத்துகள்

நாங்கள் படித்தவற்றுள் எங்கள் மனத்தை மிகவும் கவர்ந்தது ஒரு சிறிய சோதனை. ஆட்டம் தொடங்கக் காத்திருக்கும் நேரத்தில் ரயட் நிறுவனத்தார் திரையில் ஒரு வரியைக் காட்டினர். தவறு செய்த கூட்டாளியைத் திட்டினால் அவர் மேலும் மோசமாகத்தான் ஆடுவார் என்பதே அதன் கருத்து. அவ்வரியைச் சிவப்பு எழுத்தில் காட்டியபோது மோசமான மனப்பான்மை பற்றிய குறைகள் 8.3 விழுக்காடும், ஏசுதல் 6.2 விழுக்காடும், தகாத சொற்கள் 11 விழுக்காடும் குறைந்தன. யாரையும் தண்டிக்கவில்லை, யாரையும் வெளியேற்றவில்லை. ஒரே ஒரு வரி! சிவப்பில் அல்லாமல் வேறு நிறத்தில் காட்டியபோது அந்த வரிக்கு அத்தனை வலிமை இல்லையாம். உரிய வேளையில் கண்ணில் படும்படி நினைவூட்டினால் மனிதர் கேட்கவே செய்கிறார்கள்.

கண்டிப்பதோடு பாராட்டவும் வழி செய்தார்கள். 2012-இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ஆட்டம் முடிந்ததும் நல்ல கூட்டாளியையும், நேர்மையாக ஆடிய எதிரியையுங்கூடப் பாராட்டி மதிப்பளிக்கும் முறை வந்தது. 2016-இல் வெளிவந்த 'ஓவர்வாட்ச்' ஆட்டத்தில் 2018 முதல் இத்தகைய பாராட்டு முறை சேர்க்கப்பட்டது. தோற்ற அணியில் இறுதிவரை நின்றவருக்கும் அதில் ஒரு பாராட்டு கிடைக்கக் கூடும். வெற்றிக்கு மட்டுமே பரிசு என்றால், தோல்வி நெருங்கும்போது ஆடுவதற்குக் காரணம் இல்லாமற்போகிறது. நின்றதற்கும் ஒரு மதிப்பு உண்டு என்றால், நிற்க ஒரு காரணம் கிடைக்கிறது.

நாம் செய்யக்கூடியது

இத்தனையும் படித்த பின், நாங்கள் மூவரும் அவளுடைய பெஞ்சுக்குப் போனோம். சொல்ல வந்தது எதுவும் ஒழுங்காக வரவில்லை. "எங்களிடம் சொல்லியிருக்கலாமே" என்று ஒருத்தி தொடங்கினாள். "நீங்கள் கேட்டிருக்கலாமே" என்றாள் அவள். அதற்கு எங்களிடம் விடை இல்லை. "தப்புதான்டி, மன்னிச்சிடு" என்று மட்டும் சொன்னோம்.

பின்னர் நால்வரும் கூடி எங்களுக்கென்று சில விதிகள் வகுத்துக்கொண்டோம். ஆட்டம் தொடங்கும் முன்பே யாருக்கு எவ்வளவு நேரம் உண்டு என்று சொல்லிவிட வேண்டும். வீட்டார் அழைத்தால் போகலாம், அது குற்றமன்று. திரும்பி வந்ததும் காரணம் சொல்ல வேண்டும்; சொன்னதை மற்றவர் நம்ப வேண்டும். தோற்றவுடன் ஐந்து நிமிடம் யாரும் யாரைப் பற்றியும் எழுதக் கூடாது. சந்தேகம் எழுந்தால் முதலில் கேள்வி, தீர்ப்பு பிறகு. பொதுத்தேர்வு முடியும்வரை வாரத்தில் ஒருநாள்தான் ஆட்டம் என்பதையும் சேர்த்துக்கொண்டோம். இது வீட்டார் சேர்த்த விதி என்பதை ஒப்புக்கொள்கிறோம்!

இந்த விதிகள் கைப்பேசிக்கு மட்டும் உரியவை அல்ல என்பது ஹவுஸ் எறிபந்துப் போட்டியன்று தெரிந்தது. நாங்கள் நால்வரும் ஒரே அணி. இறுதிப் பகுதியில் 13-க்கு 5 என்று பின்தங்கியிருந்தோம். எங்களுள் ஒருத்தி, முன்பு குழுவில் அந்த வாக்கியத்தை எழுதியவளே, "மிஸ்ஸிடம் கால் சுளுக்கு என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். பக்கத்தில் நின்ற எங்கள் தோழி பந்தை எடுத்து அவள் கையில் கொடுத்து, "இன்னும் இரண்டு புள்ளிதானே? முடித்துவிட்டே போகலாம்" என்றாள். அவள் போகவில்லை. நாங்கள் 15-க்கு 9 என்று தோற்றோம். ஆனால் அந்த நான்கு புள்ளிகளை எடுக்கும்போது எங்கள் அணி எழுப்பிய ஆரவாரம், வென்ற அணியின் ஆரவாரத்துக்குக் குறைந்ததன்று.

தோழியரே! தண்டனை வேண்டும், ஆனால் அது ஏணியாக இருக்கட்டும், இறங்கவும் படிகள் இருக்கட்டும். போக நேர்ந்தவருக்கு அவகாசம் வேண்டும். ஆட முடியாத ஆட்டத்தை எல்லாரும் சேர்ந்து முடித்துக்கொள்ள ஒரு கதவு வேண்டும். தோல்வியில் இலாபம் காட்டும் விதிகளைத் திருத்த வேண்டும். இவையெல்லாம் ஆட்டத்தை உருவாக்குவோரின் கடமை. நம்முடைய கடமை அதைவிடச் சிறியது, ஆனால் அதைவிட அவசரமானது. நம் பக்கத்தில் வடம் பிடித்தவர் கை தளர்ந்தால், ஏசுவதற்கு முன் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கையில் காயம் இருக்கலாம் அல்லவா?

தேர் நிலைக்கு வந்து சேரும்வரை சேர்ந்தே இழுப்போமாக!